நெருப்புப் படாத புளிப்பு

என் வீட்டுக்காரர் கல்யாணச் சமையல்காரர். கோயம்புத்தூரில் பெரிய கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்களுக்கு ஓட்டு வீடு. நான் சொல்லப்போவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நடந்தது. அப்போது அவருக்கு நாற்பத்தெட்டு வயது, எனக்கு நாற்பத்திரண்டு. ஒரே மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். முகூர்த்த மாதங்களில் நான் மட்டும்.

அன்னூர், பல்லடம், பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை என்று பண்ணையக்காரர்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு அவரைத் தேடி வந்து கூப்பிடுவார்கள். ஐந்நூறு இலை, எண்ணூறு இலை அவருக்குச் சாதாரணம். பந்தலுக்குப் பின்னால் மண்ணில் நீளமாகக் குழி வெட்டி அடுப்பு போட்டு, வரிசையாக அண்டாக்களை ஏற்றிவிட்டால் கடைசிப் பந்தி எழுந்திருக்கிறவரை அவர் உட்காரமாட்டார். உட்கார்ந்துகொண்டு சமைத்தால் ருசி வராது என்பது அவருடைய எண்ணம். அப்படி இருபத்தைந்து வருஷம் நின்றார்.

முப்பது வயதிலேயே அவருக்கு முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருண்டு புடைக்க ஆரம்பித்துவிட்டது. நாற்பது வயதில் இடது காலில் அது பச்சைக் கொடி படர்ந்த மாதிரி இருந்தது. சாயங்காலமானால் கணுக்கால் வீங்கிவிடும். விரலால் அமுக்கினால் குழி விழுந்து, மேலே வரக் கொஞ்ச நேரம் ஆகும். கணுக்காலுக்கு மேலே உட்பக்கத் தோல் கறுத்துத் தடித்து, எந்நேரமும் அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு நாள் விறகுச் சிராய் அந்த இடத்தில் கீறிவிட்டது. ஒரு நெல்லளவுக் கீறல். அது எட்டணாக் காசளவு புண்ணாகி, ஒன்றரை வருஷம் ஆறவே இல்லை.

மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டோம். சுக்கிரவார்ப்பேட்டை வைத்தியர் ஒருவர் பச்சைக் களிம்பு கொடுத்தார். மில்லில் காயத்துக்குப் போடும் மஞ்சள் தூளை யாரோ வாங்கிவந்து கொடுத்தார்கள். புண் ஓரத்தில் கொஞ்சம் மூடும்; அடுத்த கல்யாணத்துக்குப் போய்வந்தால் மறுபடி திறந்துகொள்ளும். அவருக்கு வலியைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. காலில் சீழ்ப் புண் வைத்திருக்கிற ஆளை யார் அடுப்பண்டை நிற்க விடுவார்கள்? பழைய வேட்டியைக் கிழித்து இறுக்கச் சுற்றி, அதற்குமேல் கட்டியிருக்கிற வேட்டியைத் தாழ இறக்கிவிட்டுக்கொண்டு போவார்.

அன்னூர்ப் பக்கத்தில் ஒரு கல்யாணத்தில் அது வெளியே தெரிந்துவிட்டது. அவரோடு இருபது வருஷமாகச் சமையலுக்குப் போய்வரும் கூட்டாளி எனக்கு இதைச் சொன்னார். இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தபோது சுற்றின துணியைத் தாண்டி ரத்தம் வேட்டியில் ஊறிவிட்டது. மாப்பிள்ளையின் பெரியப்பா பார்த்துவிட்டார். அவர் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை.

"ஏனுங்க, கால்ல என்னமோ ஆயிருச்சாட்ட இருக்குதுங்க. நீங்க வந்து பந்தல்ல உக்காருங்க."

"சின்னக் காயந்தானுங்க. இன்னும் ரெண்டு பந்தி இருக்குதுங்களே."

"இருக்கட்டுமுங்க. அவுங்க பாத்துக்குவாங்க. நீங்க வாங்க."

கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்ச் சம்பந்திகள் உட்காரும் ஜமுக்காளத்தில் உட்காரவைத்தார்களாம். இளநீர் வெட்டிக் கொடுத்தார்களாம். வெற்றிலைத் தட்டை முன்னால் நகர்த்தி வைத்தார்களாம். அவர் எழுந்திருக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் "உக்காருங்க, உக்காருங்க" என்றார்களாம். கல்யாணம் முடிகிறவரை அவரை அடுப்புப் பக்கம் போகவிடவில்லை. வீட்டுக்கு வந்து, "மருவாதியா உக்கார வெச்சுப்போட்டாங்க" என்றார்.  அந்த மாதம் வருவதாக இருந்த இரண்டு கல்யாணங்கள் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் போக ஒப்புக்கொண்டார். ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் அந்த டாக்டர் உட்கார்ந்திருப்பார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். சரவணம்பட்டிப் பக்கம் காடு தோட்டம் வைத்திருக்கிற குடும்பத்துப் பிள்ளை. மதராஸில் படித்துவிட்டு, நீலகிரி மலைமேல் சாப்பாட்டுச் சத்துகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற இடம் ஒன்றில் சில மாதம் இருந்துவிட்டு வந்தவர் என்று சொன்னார்கள். எங்கள் பேச்சையே பேசினார். அது எனக்குத் தெம்பாக இருந்தது.

அவர் கட்டை அவிழ்த்துக் காலைப் பார்த்தார். முழங்காலில் இருந்து பாதம்வரை அமுக்கிப் பார்த்தார். நிற்கச் சொல்லிப் பார்த்தார், படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். முன்னங்காலில் மயிர்க்கால்களைச் சுற்றிச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. கொசுக்கடி என்று நாங்கள் நினைத்திருந்தோம். டாக்டர் அவற்றை வெகுநேரம் பார்த்துவிட்டு, "வாயைத் தொறங்க" என்றார்.

"வலி கால்லீங்க."

"தெரியுதுங்க. வாயைத் தொறங்க."

ஈறு ஊதா நிறத்தில் வீங்கியிருந்தது. டாக்டர் பஞ்சால் தொட்டதும் ரத்தம் வந்தது.

"பல்லு வெளக்கறப்ப ரத்தம் வருமுங்களா?"

"அது எல்லார்த்துக்கும் வர்றதுதானுங்களே."

"தினமும் என்னங்க சாப்பிடுவீங்க?"

அவர் சிரித்தார். "சமையக்காரன் ஊட்ல சாப்பாட்டுக்கு என்னங்க கொறச்சல்."

நான் கதவோரம் நின்றிருந்தேன். ஆண்கள் பேசும்போது நடுவில் பேசும் வழக்கம் எனக்கு இல்லை. ஆனாலும் அன்றைக்கு வாய் வந்துவிட்டது. "அவரு ஒண்ணுமே திங்கறதில்லீங்க டாக்டருங்க" என்றேன்.

உண்மையே அதுதான். நாளெல்லாம் சமையல் வாசத்தில் நின்று நின்று அவருக்குச் சாப்பாட்டைக் கண்டாலே பிடிக்காமல் போய்விட்டது. காலையில் ஒரு காப்பி, பதினோரு மணிக்கு இன்னொன்று. மத்தியானம் தயிரும் உப்பும் போட்டுப் பிசைந்த சோறு இரண்டு கை. ராத்திரியும் அதே. காய் தொடமாட்டார். பல் ஆட ஆரம்பித்த பிறகு கொய்யா, மாங்காய் எதையும் கடிப்பதில்லை. ஊரெல்லாம் அவர் வைத்த கூட்டையும் பொரியலையும் வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அவர் மட்டும் வருஷக்கணக்காகத் தயிர்ச்சோற்றில் இருந்தார். நான் சமைத்ததையும் அவர் உருப்படியாகச் சாப்பிட்டதில்லை. நான் இதையெல்லாம் சொல்லச் சொல்ல, அவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். "உங்க கால்ல ரெண்டு சங்கடம் இருக்குதுங்க. காலுக்கு எறங்குன ரத்தம் திரும்ப மேல ஏறோணும். ஏறுனது கீழ வழியாத இருக்கறதுக்குக் கொழாய்க்குள்ள சின்னச் சின்னக் கதவு இருக்குது. நின்னு நின்னு உங்குளுக்கு அந்தக் கதவெல்லாம் தளந்துபோச்சு. ரத்தம் கால்லயே தேங்குது. தேங்குன எடத்துல தோல் கெட்டுப்போகுது. இது ஒண்ணு."

"இன்னொண்ணுங்க?"

"கெட்ட தோல் போயிப் புதுத் தோல் வரோணும்னா ஒடம்புக்கு ஒரு சத்து வேணும். நீங்க திங்கற சோத்துல அது கெடையாது. அதனாலதான் ஈறு இப்பிடி இருக்குது. வைட்டமின் சி-ன்னு பேரு."

"சீங்களா?" என்றார் இவர், ஊசிப்போன சாம்பாரை முகர்ந்த மாதிரி.

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "அது இங்கிலீசு எழுத்துங்க. ஏ, பி, சி. ஜீவசத்துன்னு வேணும்னாலும் சொல்லிக்குங்க."

நான் கேட்டேன், "அந்தச் சத்தைக் குடுத்தா கதவு சரியாயிருமுங்களா?"

"ஆகாதுங்கம்மா. தளந்த கதவு தளந்ததுதான். அதுக்குக் காலைத் தூக்கி வெச்சுப் படுக்கோணும், வெரல்ல இருந்து முழங்கால் வரைக்கும் இறுக்கமாக் கட்டோணும். சத்து, தோலுக்கு. ரெண்டையும் செஞ்சு பாப்போம். ஆறீரும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

அந்தக் கடைசி வார்த்தையால்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. அதுவரை வைத்தியம் பார்த்தவர்கள் எல்லாரும் பத்து நாளில் ஆறிவிடும் என்றே சொல்லியிருந்தார்கள்.

மாத்திரை சீமையில் இருந்து மதராஸுக்கு வந்து, அங்கிருந்து வர வேண்டியிருந்தது. பன்னிரண்டு நாள் காத்திருந்தோம். பழுப்புக் கண்ணாடிப் புட்டி, உள்ளே பஞ்சுக்கு அடியில் சின்ன வெள்ளை வில்லைகள். காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு. டாக்டர் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்து, விழுங்கச் சொன்னார். இவர் நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பாயசத்துக்கு வெல்லப் பதம் பார்க்கிறபோது அப்படித்தான் கண்ணை மூடுவார்.

"புளிப்பு" என்றார். "எலுமிச்சம்பழம் இல்லீங்க. புளி இல்லீங்க. மாங்காயும் இல்ல." கொஞ்ச நேரம் கழித்து, "துவர்ப்பை எடுத்துப்போட்ட பெருநெல்லிக்காயாட்ட இருக்குதுங்க" என்றார்.

டாக்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதேதானுங்க. நெல்லிக்காய்ல இருக்கற அளவுக்கு இந்தச் சத்து வேற எதுலயும் நாங்க பாக்கல. இந்தப் பருவத்துல காய் கெடைக்காதுங்கறதுனாலதான் மாத்திரை."

"நெல்லிக்கா ஊறுகா நான் வருசா வருசம் போடறனுங்களே. அண்டா அண்டாவா."

"வேக வெச்சா?"

"வேக வெக்காத எப்பிடிங்க?"

"வேக வெச்சா நெறையாப் போயிருமுங்க. நெல்லிக்காய்ல கொஞ்சமாச்சும் நிக்கும். மத்த காய்ல, கீரைல எல்லாம் சூடு பட்டுச்சுன்னா இந்தச் சத்து அழிஞ்சிரும். தண்ணியில கரைஞ்சும் போயிரும்."

வீட்டுக்குத் திரும்பினோம். அவர் ஜட்காவில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு தெருவையே பார்த்துக்கொண்டு வந்தார். நெருப்பில் பதம் வைத்துப் பேரெடுத்த மனிதர். நெருப்பு ஒன்றைக் கெடுக்கும் என்று அதுவரை அவரிடம் யாரும் சொன்னதில்லை. சாயங்காலம் படுக்கையில் இருந்தபடி, "இருவத்தஞ்சு வருசமா எத்தனை கீரைத் தண்ணிய வடிச்சுக் கொட்டியிருப்பேன்" என்றார்.  

கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் இரண்டு காலுக்கும் அடியில் மூன்று மூன்று செங்கல் வைத்து உயர்த்தினோம். அவர் சரிந்தாற்போலப் படுத்திருப்பார். இதைப் பார்த்துவிட்டுப் போன பக்கத்து வீட்டம்மாள் சந்து முழுவதும் என்ன சொன்னாளோ, அடுத்த இரண்டு நாளும் ஆட்கள் வந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். ஒருவர் திருநீறு கொண்டுவந்து பூசினார். மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர், "நான் சாகலீங்க, கால்தான் மேல இருக்குது" என்று வருகிறவர்களுக்கெல்லாம் அவராகவே சொல்ல ஆரம்பித்தார்.

கட்டு வாரம் ஒருமுறை. டாக்டரின் கம்பவுண்டர் வீட்டுக்கு வந்து, வெள்ளைப் பசை தடவிய துணியை விரலில் இருந்து முழங்கால்வரை சுற்றிவிட்டுப் போவார். ஒன்றரை மாதம் அவர் தரையில் கால் வைக்கக் கூடாது, கொல்லைக்குப் போவதைத் தவிர.

படுத்திருந்த நாளெல்லாம் அவர் என் சாப்பாட்டைச் சாப்பிட வேண்டியிருந்தது. எனக்கு அது பெரிய சோதனை. முதல் நாள் அரிசியும் பருப்புமாக ஒரு சோறு ஆக்கி, கத்தரிக்காய் வதக்கி வைத்தேன். அவர் படுக்கையில் ஒருக்களித்து ஒரு வாய் எடுத்தார்.

"உப்பு ஒரு கல்லு கொறச்சல்."

"போட்டுக்கறீங்களா?"

"வேண்டாம்." இன்னொரு வாய் எடுத்தார். பிறகு இன்னொன்று. "நீ எப்பவுமே இப்பிடித்தான் சமைப்பியா அம்மணி?"

"இருவத்தாறு வருசமா இப்பிடித்தானுங்க."

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஒருத்தரும் சொல்லலியே" என்றார். நல்லதாகச் சொன்னாரா, குறையாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. தட்டில் மிச்சம் வைக்கவில்லை.

சாப்பாட்டோடு பச்சையாக ஏதாவது இருக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. பல் ஆடியதால் கடிக்க முடியாது. அதனால் அவரே படுக்கையில் மணைப்பலகையை மடியில் வைத்துக்கொண்டு கத்தியால் பொடிப்பொடியாக அரிவார். கொத்தமல்லித் தழை, வெள்ளரி, முட்டைக்கோஸ், கொய்யா. எலுமிச்சை பிழிந்து, உப்புப் போட்டுப் பிசிறி, ஸ்பூனால் எடுத்து வாயில் வைத்துக்கொண்டு யோசிப்பார். தாளிக்கக் கை துடிக்கும். "கடுகு மட்டும் தனியாப் பொரிச்சு, ஆறவிட்டு மேல போட்டா ஒண்ணும் ஆகாதில்ல?" என்று கம்பவுண்டரிடம் கேட்டார். ஆகாது என்றார் கம்பவுண்டர். அன்றைக்கு என் வீட்டுக்காரர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் வாரத்தில் ஈறு நன்றாகச் சுருங்கிவிட்டது. ரத்தம் நின்றுவிட்டது. காலில் இருந்த சிவப்புப் புள்ளிகள் மங்கி மறைந்தன. கட்டைப் பிரித்தபோது புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் எட்டிப்பார்த்தது. எனக்கு நம்பவே முடியவில்லை. அவருக்கோ நம்பிக்கை அளவுக்கு மீறிவிட்டது.

அந்தச் சமயத்தில் திருப்பூரில் பேத்திக்குக் காய்ச்சல் என்று கடுதாசி வந்தது. பக்கத்து வீட்டம்மாளிடம் சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டு, மூன்று நாள் போய்வந்தேன். திரும்பி வந்து பார்த்தால் கட்டில் காலியாக இருந்தது. மாத்திரைப் புட்டியையும் காணவில்லை. உடுமலைப்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குக் கூட்டாளி வந்து கூப்பிட்டாராம். இவர் ரயிலேறிப் போய்விட்டாராம். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. பட்ட பாடெல்லாம் வீணாகிவிட்டதே என்று இருந்தது.

மறுநாள் மத்தியானம் வந்தார். ஜட்காவில் இருந்து இறங்கக் கூட்டாளியின் தோளைப் பிடித்துக்கொண்டார். கட்டு, வீக்கத்தில் தோலை அறுத்துக்கொண்டு இறங்கியிருந்தது. இரண்டு நாள் நின்றே சமைத்திருக்கிறார். புண் பழையபடி வாய் திறந்துவிட்டது.

டாக்டர் அவரை ஏசவில்லை. புட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கால் புட்டியாவது இருக்க வேண்டியது, அடியில் சில வில்லைகள்தான் கிடந்தன.

"எத்தனை தின்னீங்க?"

"வேளைக்கு நாலுங்க. நிக்கறதுக்குப் பலம் வேணுமில்லீங்களா."

"நாலு தின்னாலும் நாப்பது தின்னாலும் ரத்தத்தை மேல தூக்கி விடாதுங்க. ஒடம்புக்கு வேணுங்கறது போக மிச்சமெல்லாம் ஒண்ணுக்குல போயிரும். மாத்திரை கொத்தனாருக்குச் செங்கல் குடுக்கற மாதிரி. சொவத்துமேல தண்ணி வழிஞ்சுட்டே இருந்தா அவன் எங்க கட்டுவான்?"

இவர் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் மறுபடி கட்டுப் போடச் சொன்னார். மறுபடி செங்கல், மறுபடி படுக்கை. முதல் நாளில் இருந்து.

நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. தட்டை வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வேன். மூன்றாம் நாள், தண்ணீர் கொண்டுபோய் வைத்தபோது கையைப் பிடித்துக்கொண்டார்.

"கோவமா அம்மணி?"

"கோவப்பட்டு என்னங்க ஆகப்போகுது. நின்னுதான் ஆவோணும்னு உங்களுக்கு என்னங்க?"

 "அன்னூர்ல உக்கார வெச்சாங்களே. இளநிய வேற வெட்டிக் குடுத்தாங்க. ஒரு கண்ணாலமாச்சும் முழுசா நின்னு முடிச்சுப்போட்டா அது மனசுல இருந்து போயிரும்னு நெனச்சேன்."

"போச்சுங்களா?"

"இல்ல" என்றார். "கால்தான் போச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும். அதற்குப் பிறகு அவர் டாக்டர் சொன்னபடி கேட்டார்.

மாத்திரை சில நாளில் தீர்ந்துபோனது. இன்னொரு புட்டி தருவிக்க வேண்டுமா என்று கேட்கப் போனேன். ஐப்பசி முடியப்போகிறது, மலையில் நெல்லி காய்க்கத் தொடங்கிவிடும், அதுவே போதும் என்றார் டாக்டர். ஆனைகட்டிப் பக்கத்து மலைக்காரப் பெண்கள் இரண்டு பேர் வியாழக்கிழமைதோறும் கூடையில் நெல்லிக்காய் கொண்டுவருவார்கள். காட்டு நெல்லி, சின்னதாகப் பச்சையும் மஞ்சளுமாக இருக்கும். தினமும் இரண்டு காயைக் கொட்டை நீக்கி, பச்சை மிளகாயும் உப்பும் வைத்து அம்மியில் தட்டி, கெட்டித் தயிரில் கலக்கிக் கொடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல அதில் இஞ்சி சேர்ந்தது, தேங்காய் சேர்ந்தது, பிறகு தேங்காய் வேண்டாம் என்று ஆனது. தையில் காய் மலிந்தபோது மெல்லிசாகச் சீவி, வெயில் படாமல் நிழலில் உலர்த்தி ஜாடியில் போட்டு வைத்தேன். உலர்ந்ததில் சத்து கொஞ்சம் குறையும், ஆனாலும் நிற்கும் என்று டாக்டர் சொன்னார்.

பங்குனி மாதம் ஒரு காலை, கம்பவுண்டர் கட்டைப் பிரித்துவிட்டு, "ஏனுங்க, இங்க பாருங்க" என்றார். புண் இருந்த இடத்தில் வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசாகப் பளபளவென்று ஒரு தோல். அவர் அதைத் தொடப் பயந்து, பக்கத்தில் தொட்டுப் பார்த்தார். அப்புறம் என்னைத் தொடச் சொன்னார். சுடுகிறதா என்று பார்க்கிற மாதிரி விரல் நுனியால் தொட்டேன். காய்ந்து இருந்தது. ஒன்றரை வருஷமும் அதற்கு மேல் ஆறு மாதமும் ஈரமாகவே நான் பார்த்த இடம் அது. உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அந்த வாரம் டாக்டரைப் பார்க்கப் போனபோது, எனக்கு மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "மாத்திரை ஆத்துச்சுங்களா, நெல்லிக்காய் ஆத்துச்சுங்களா, கட்டு ஆத்துச்சுங்களா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "தெரியலீங்கம்மா. கட்டும் படுக்கையும் பெரும்பங்குன்னு நெனைக்கறேன். ஆனா அந்தச் சத்து இல்லாத ஒடம்புல எத்தனை நாள் கட்டியிருந்தாலும் தோல் புடிச்சிருக்காது. அதுவும் என்ற நெனப்புத்தான். ஒண்ணை நிறுத்தி ஒண்ணைக் குடுத்துப் பாத்தாத்தான் தெரியும். உங்க ஊட்டுக்காரரு கால்ல அப்பிடிப் பாக்க எனக்கு மனசு வல்லீங்க." பிறகு, நன்றாகச் சாப்பிடுகிற ஆளுக்கு, ஈறு நல்லபடியாக இருக்கிற ஆளுக்கு, இந்த மாத்திரையைக் கொடுத்தால் கால் புண் சீக்கிரம் ஆறிவிடும் என்று தான் சொல்லமாட்டேன் என்றும் சொன்னார். சந்தில் யாராவது கேட்டால் அப்படியே சொல்லச் சொன்னார். கேட்டார்கள், சொன்னேன். பாதிப் பேர் நம்பவில்லை. மாத்திரைப் பேரை மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

சித்திரையில் மறுபடி சமையலுக்குப் போனார். பல்லடத்தில் ஒரு கல்யாணம். தச்சரிடம் சொல்லி உயரமான முக்காலி ஒன்று செய்து, வண்டியில் அண்டாக்களோடு ஏற்றிக்கொண்டார். அடுப்பிலிருந்து நாலடி தள்ளி அதைப் போட்டு, காலை இன்னொரு பலகைமேல் நீட்டி உட்கார்ந்து, கூட்டாளிக்குச் சொல்லிச் சொல்லிச் சமைக்கவைத்தார். முதல் நாள் அவரால் யாருக்கும் முகம் கொடுக்கவே முடியவில்லையாம். பெண் வீட்டார் வந்து பார்க்கும்போதெல்லாம் எழுந்து நின்றாராம். பந்தி முடிந்து, சாம்பார் எப்போதும் போல இருக்கிறது என்று நாலு பேர் சொன்ன பிறகுதான் எழுந்திருப்பதை விட்டாராம். அந்தக் கல்யாணத்தில் மாங்காயும் வெள்ளரியும் பொடியாக அரிந்த பச்சடி ஒன்றை இலை ஓரத்தில் வைத்தார். வேகாததைப் பந்தியில் வைப்பதா என்று சிலர் முகம் சுளித்தார்கள். சிலர் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். கேட்டவர்களைப் பற்றி மட்டும்தான் அவர் வீட்டில் சொன்னார். சுளித்தவர்களைப் பற்றிக் கூட்டாளி சொல்லி எனக்குத் தெரியும்.

கால் முழுக்கச் சரியாகிவிடவில்லை. நரம்பு புடைப்பு அப்படியேதான் இருந்தது. பின்னால் இரண்டு தடவை அதே இடத்தில் புண் திறந்தது. இரண்டு தடவையும் உடனே படுக்கைக்குப் போனார், மூன்று வாரத்தில் மூடிவிட்டது. தினமும் கட்டுப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கம்பவுண்டரிடம் நான் அதைக் கற்றுக்கொண்டேன். காலையில் அவர் காலைத் தரையில் ஊன்றுவதற்கு முன்பே சுற்றிவிட வேண்டும். ஊன்றிவிட்டால் ரத்தம் இறங்கி வீங்கிவிடும். அதனால் விடிந்ததும் என் முதல் வேலை அதுதான். கட்டில் ஓரத்தில் அவர் காலை என் மடியில் வைத்துக்கொண்டு, விரலில் தொடங்கி, குதிகாலைச் சுற்றி, ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறும்படி முழங்கால்வரை. பத்து நிமிஷம் ஆகும். நாங்கள் இரண்டு பேரும் அப்படி ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசியது அதற்கு முன்னால் கிடையாது. அவர் அன்றைக்கு என்ன சமைக்கலாம் என்று கேட்பார். நான் சொல்வேன். சில நாள் ஓட்டு இடுக்கில் வரும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். "இறுக்கமா இருக்குதுங்களா?" என்று கேட்பேன். "இல்ல, சரியா இருக்குது" என்பார். நான் துணியின் நுனியை மடித்துச் செருகுவேன்.